பட்டறைப் பக்கம்: புல்வெட்டும் வண்டிக்குக் குடம் கடைவது எப்படி?

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோட்டத்து மேடுபள்ளங்களில் ஓடும் வண்டியாக மாற்றுவது பற்றி, சென்னையிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் ஆறு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கேள்விகளும் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பையே, அதாவது நம் வண்டிக்காரர்கள் குடம் என்று சொல்லும் உறுப்பையே, சுற்றிவருவதால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரி ஒன்றின் பழைய பொருள் ஏலத்தில் புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கினேன். கத்தித் தட்டைக் கழற்றிவிட்டு, மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள எங்கள் மாந்தோப்பில் எருவும் காய்க் கூடைகளும் இழுக்கப் பயன்படுத்த எண்ணம். பின்னால் மாருதி 800 காரின் 12 அங்குலச் சக்கரங்களைப் பொருத்த வேண்டும். வண்டியின் அச்சு முக்கால் அங்குல உருளை, அதில் கீவே (கீ உட்காரும் நீளப் பள்ளம்) இருக்கிறது. கார் சக்கரத்திலோ நான்கு துளைகள். இரண்டையும் இணைக்கும் ஹப்பைச் செய்துகொள்ள முடியுமா? வெல்டர் ஒருவர் இரும்புத் தட்டை அச்சிலேயே பற்றவைத்துவிடலாம் என்கிறார்.
(வாசகர், மேற்குத் தாம்பரம்)

பதில்: செய்துகொள்ளலாம். ஆனால் அச்சிலேயே பற்றவைக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். அந்த அச்சு கியர் பெட்டிக்குள்ளிருந்து எண்ணெய் சீல் ஒன்றின் வழியாக வெளியே வருகிறது. பற்றவைப்பின் சூடு ரப்பர் சீலைக் கருக்கிவிடும். அது தப்பித்தாலும், பின்னொரு நாள் சீலை மாற்ற வேண்டி வந்தால் தட்டை அறுத்தெடுக்காமல் எதையும் கழற்ற முடியாது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வளைவும் முறுக்கும் ஒருசேர விழுகிற இடத்தில் அச்சின் இரும்பு சூட்டால் கடினமாகி, பற்றின் ஓரமும் கூர்மையாக நின்றால், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரு நாள் சக்கரம் தட்டோடும் அச்சின் துண்டோடும் தனியே உருண்டு போகும்.

மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே அச்சு சுழல்வதில்லை, குடம்தான் அச்சின் மேல் சுழல்கிறது. கடையாணிக்கு உள்ள ஒரே வேலை, சக்கரம் கழன்று விழாமல் தடுப்பது. உங்கள் வண்டியின் முன் சக்கரங்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவை. பின் சக்கரங்கள் அப்படியல்ல. அச்சே சுழன்று குடத்தைச் சுழற்றுகிறது. இழுவை முழுவதும் கீ என்ற சிறு இரும்புத் துண்டின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அச்சின் நுனியில் மாட்டியிருக்கும் கிளிப் வெறும் கடையாணிதான், அது இழுவையில் பங்கெடுப்பதில்லை. ஆகவே நீங்கள் செய்யப்போகும் குடம் மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும்: அச்சின் மேல் ஆட்டமின்றி உட்கார வேண்டும், கீயைத் தன் முழு நீளத்துக்கும் தாங்க வேண்டும், சக்கரத்தை அச்சுக்கு நடுமையமாகவும் செங்குத்தாகவும் பிடிக்க வேண்டும். முதல் இரண்டும் பலருக்குச் சரியாக வந்துவிடுகின்றன. மூன்றாவதில்தான் வழுக்குகிறார்கள்.

அளவிலிருந்து தொடங்குவோம். முக்கால் அங்குலம், பட்டறைக்காரர் சொல்லும் ஆறு நூல், 19.05 மி.மீ. ஆகும். கைக்குக் கிடைத்த 20 மி.மீ. ரீமரால் (துளையைத் துல்லிய அளவுக்கு முடிக்கும் கருவி) துளையை முடித்துவிட்டால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தளர்ச்சி வந்துவிடும், கீ அடிபட்டே சாகும், 19 மி.மீ. ரீமரால் முடித்தால் குடம் அச்சில் ஏறவே ஏறாது. முக்கால் அங்குல ரீமரையே கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் அச்சை மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் சக்கரம் உட்கார்ந்திருந்த இடம் தேய்ந்திருக்கும், அப்படித் தேய்ந்திருந்தால் ரீமர் உதவாது, அந்த அளவுக்கே போரிங் செய்ய வேண்டும், அதாவது லேத்தில் துளையின் உட்புறத்தைச் சீவ வேண்டும். துளை அச்சைவிட 0.02 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். எண்ணெய் தடவிக் கையால் தள்ளினால் ஏற வேண்டும், பிடித்து அசைத்தால் அசையக் கூடாது. வண்டியைத் தூக்கிக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போக முடியாது என்பதால், அச்சின் அளவுக்கே ஒரு விரல் நீளக் கம்பியை முதலில் கடையச் சொல்லி, அதையே துளையைச் சோதிக்கும் கேஜாக வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரிலும் கிண்டியிலும் இதைச் சொன்னால் முகம் சுளிக்காத லேத்காரர்கள் இருக்கிறார்கள். முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரும்புக்கு வருவோம். நடுத்தண்டுக்கு 65 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் உருளை, தட்டுக்கு 12 மி.மீ. கனமும் 150 மி.மீ. விட்டமும் உள்ள மைல்டு ஸ்டீல் பிளேட் போதும். முகத்தை லேத்தில் சீவ வேண்டியிருப்பதால் கனம் இதற்குக் குறையக் கூடாது. வலிமை மிகுந்தது என்று நம்பி ஈஎன்8 என்ற நடுத்தரக் கரிம எஃகு உருளையை எடுக்க வேண்டாம். அதில் கரிமம் 0.4 சதவீதம் அளவில் இருப்பதால், முன்சூடு கொடுக்காமல் பற்றவைத்தால் பற்றின் அருகே கண்ணாடிபோல் கடினமாகி விரிசல் விடும். புதுப்பேட்டையில் எடைக்குக் கிடைக்கும் பழைய அச்சுத் துண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை என்ன இரும்பு என்று விற்பவருக்கும் தெரியாது. அங்கே வாங்கத் தக்கது வேறொன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தட்டின் நடுவே 65 மி.மீ. துளையிட்டு உருளையை அதனுள் நுழைக்க வேண்டும். சக்கரம் உட்காரப்போகும் பக்கம் உருளை 10 மி.மீ. அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். உட்பக்கத்தில் சுற்றிலும் தாராளமாகப் பற்றவையுங்கள். வெளிப்பக்கத்தில் அப்படி மேடாகப் பற்றவைத்தால் சக்கரம் தட்டில் படியாது; ஆகவே துளையின் ஓரத்தை முன்கூட்டியே சாய்வாகச் சீவி, அந்தப் பள்ளத்தைப் பற்றால் நிரப்ப வேண்டும். பற்றவைக்க 7018 வகை ராடு நல்லது, ஆனால் ஈரம் குடித்த ராடு எதற்கும் ஆகாது. கடல் காற்று வீசும் நம் ஊரில் பிரித்துப் போட்ட பாக்கெட்டை உலர்த்தாமல் பயன்படுத்தக் கூடாது. முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் லேத். இந்த வரிசையை மாற்றவே கூடாது. உருளையின் உள்முனையை நான்கு தாடைச் சக்கில் (லேத்தில் பொருளைப் பிடிக்கும் உறுப்பு) பிடித்து, தட்டின் முகத்தைச் சீவுவது, வெளியே நீட்டியிருக்கும் பகுதியைச் சக்கரத்தின் நடுத்துளை அளவுக்குக் கடைவது, அச்சுத் துளையைப் போட்டு போரிங் செய்து ரீமரால் முடிப்பது ஆகிய மூன்றையும் ஒரே பிடிப்பில், சக்கைத் தளர்த்தாமல் செய்து முடிக்கச் சொல்லுங்கள். லேத் பழையதாக இருக்கலாம், சக் கோணலாக இருக்கலாம், கடைபவர் அன்று அரைத் தூக்கத்தில்கூட இருக்கலாம். ஒரே பிடிப்பில் கடைந்த முகமும் துளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே இருக்கும். இடையில் ஒரு முறை கழற்றித் திருப்பிப் பிடித்தால் அந்த உறுதி போய்விடும். நீட்டியிருக்கும் பகுதியைச் சக்கரத்தின் நடுத்துளையைவிடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சிறிதாகக் கடையுங்கள். சக்கரத்தை நடுவில் நிறுத்துவது அதுதான். ஸ்டட்டுகளின், அதாவது சக்கர நட்டுகள் ஏறும் திருகுத் தண்டுகளின், வேலை இறுக்கிப் பிடிப்பது.

நான்கு துளைகளின் வட்டத்தையும் அதே பிடிப்பில் கருவியின் நுனியால் லேசாகக் கீறி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சக்கரத்தில் அடுத்தடுத்த இரு துளைகளின் நடுவுக்கு நடு 80.8 மி.மீ. வந்தால் துளை வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ.; 70.7 வந்தால் 100 மி.மீ. நான்கு துளைச் சக்கரங்களில் இரண்டும் புழங்குகின்றன, ஆகையால் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் அளந்து முடிவு செய்யுங்கள். இங்கேதான் புதுப்பேட்டை உதவும். அதே காரின் பழைய பின் பிரேக் டிரம் ஒன்றை வாங்கி, அதன் துளைகளைத் தட்டின் மேல் வைத்துப் பஞ்ச் அடித்தால், அளவுகோலால் குறிப்பதைவிடத் துல்லியமாக வரும். டிரம்மையே குடத்தோடு பற்றவைக்கலாமே என்று தோன்றும், தோன்ற விடாதீர்கள், அது வார்ப்பிரும்பு. ஸ்டட்டுகளைக் கார் உதிரிபாகக் கடையில் புதிதாக வாங்குங்கள். அவற்றின் தலைக்கு அடியில் வரிவரியாக இருக்கும் பகுதியை அளந்து, அதற்குச் சற்றே சிறிய துளையிட்டு அழுத்தி ஏற்ற வேண்டும். கூம்பு முகமுள்ள கார் நட்டுகளே வேண்டும், கடையில் கிடைக்கும் தட்டை நட்டு சக்கரத் துளையில் உட்காராது.

கீவேயை ஸ்லாட்டிங் மிஷினில் வெட்டுவார்கள். முக்கால் அங்குல அச்சில் வழக்கமாக இருப்பது 3/16 அங்குலக் கீ, அதாவது 4.76 மி.மீ. இங்கே கிடைக்கும் 5 மி.மீ. கீ பாரை அரம் கொண்டு தேய்த்து அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். அச்சின் கீவேயை அகலப்படுத்துவது மட்டும் கூடாது. கடைசியாக, குடத்தின் உள்முனையில் கீக்கு மேலாக ஒரு எம்8 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு), அதிலிருந்து கால் வட்டம் தள்ளி இன்னொன்று வைத்துவிட்டால், மிச்சமிருக்கும் சிறு ஆட்டமும் போய்விடும்.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். மாருதி 800இன் 145/70 ஆர்12 டயருடைய வெளி விட்டம் 508 மி.மீ.; புல்வெட்டும் வண்டிகளில் பரவலாக இருக்கும் 20 அங்குலப் பின் டயரும் அதே 508 மி.மீ.தான். ஆகவே வேகமும் இழுவையும் மாறா. 145/80 போட்டால் 537 மி.மீ. ஆகும், அதுவும் பெரிய வித்தியாசமில்லை.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்து வேலை பழகுகிறேன். நண்பரின் வண்டிக்கு ஹப் செய்தேன். உருளையையும் தட்டையும் தனித்தனியே லேத்தில் சுத்தமாகக் கடைந்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துத்தான் பற்றவைத்தேன். ஆனால் சக்கரம் சுழலும்போது டயரின் ஓரம் 5 மி.மீ. அளவுக்கு ஆடுகிறது. எங்கே தவறினேன்?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: மேலே சொன்ன வரிசையைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். கடைந்ததில் பிழையில்லை, கடைந்த பிறகு பற்றவைத்ததில்தான் பிழை. உருகிய பற்று ஆறும்போது சுருங்குகிறது. முதலில் பற்றவைத்த பக்கம் முதலில் இழுக்கிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தது பற்றவைப்பதற்கு முந்திய நிலையை மட்டுமே உங்களுக்குச் சொன்னது. தட்டின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் சாய்வு இருந்தால், 75 மி.மீ. ஆரத்தில் உள்ள அந்தச் சாய்வு 254 மி.மீ. ஆரத்தில் உள்ள டயரின் ஓரத்துக்குப் போகும்போது 1.7 மி.மீ. ஆகிவிடும். உங்களுக்கு 5 மி.மீ. என்றால் தட்டு ஒன்றரை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. பழகும் காலத்தில் நானும் இதையே செய்தேன். மேஸ்திரி ஒன்றும் பேசாமல், அந்தக் குடத்தை என் மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துவிட்டுப் போனார், ஒரு வருடம் அங்கேயே இருந்தது.

குடத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை முதலில் அச்சின் மேல் வையுங்கள். அச்சே வளைந்திருந்தால் குடத்தை எத்தனை முறை கடைந்தாலும் பயனில்லை. அச்சு நேராக இருந்தால் அடுத்தது குடத்தின் முகம், அதற்கடுத்தது சக்கரத்தைப் பூட்டிச் சக்கரத்தின் விளிம்பு. பழைய சக்கரங்கள் பள்ளத்தில் விழுந்து நெளிந்திருப்பது இந்த ஊர்ச் சாலைகளில் புதுமையில்லை.

குற்றம் குடத்தின் முகத்தில்தான் என்று உறுதியானால் அதை எறிய வேண்டாம். குடத்தின் துளைக்கு இறுக்கமாக ஏறும் ஒரு மாண்ட்ரல் (தாங்கு தண்டு) கடைந்து, அதன் மேல் குடத்தை ஏற்றி, லேத்தின் இரண்டு சென்டர்களுக்கு, அதாவது கூர்முனைகளுக்கு, நடுவே வைத்து முகத்தைச் சீவுங்கள். துளையை மையமாகக் கொண்டு முகத்தைத் திருத்துவதால் சாய்வு போய்விடும். சீவிய பிறகும் தட்டில் 9 அல்லது 10 மி.மீ. கனம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் புதிதாகவே செய்வது மேல். நடுப்பகுதியும் மையம் தவறியிருந்தால், அதைச் சிறிதாகக் கடைந்து, மேலே ஒரு வளையத்தைச் சூடேற்றி ஏற்றி, மாண்ட்ரலில் இருக்கும்போதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வேலையைச் செய்து முடித்தீர்களானால், முதல் குடம் சரியாக வந்திருந்தால் கற்றிருக்கக்கூடியதைவிட அதிகம் கற்றிருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் கீ அடிக்கடி நசுங்கிவிடுகிறது, மூன்று மாதத்தில் நான்கு கீ மாற்றிவிட்டேன். ஹப்பின் நீளம் 40 மி.மீ. பட்டறையில், கடினமாக்கிய கீ போடலாம் என்கிறார் ஒருவர். கீ ஃபியூஸ் மாதிரி, அது போவதே நல்லது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
(வாசகர், செங்குன்றம்)

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. கணக்கைப் போட்டால் உங்கள் கீ ஏன் நசுங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு பின் சக்கரத்தின் மேல் 120 கிலோ பாரம் விழுவதாகவும், காய்ந்த கெட்டித் தரையில் டயர் அதில் 0.8 பங்கு வரை பற்றி இழுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். டயரின் ஆரம் 254 மி.மீ. என்றால், டயர் வழுக்கத் தொடங்கும் முன் அச்சுக்கு வரக்கூடிய முறுக்கு விசை 239 நியூட்டன் மீட்டர். அது அச்சின் மேற்பரப்பில், மையத்திலிருந்து வெறும் ஒன்பதரை மில்லிமீட்டர் தூரத்தில், கீயின் மேல் விழும்போது 25,000 நியூட்டன் ஆகிறது. அதாவது ஏறத்தாழ இரண்டரை டன். ஒரு சுண்டுவிரல் கனம்கூட இல்லாத இரும்புத் துண்டின் மேல் இவ்வளவு.

4.76 மி.மீ. கீயில் பாதி உயரம் அச்சிலும் பாதி உயரம் குடத்திலும் இருக்கிறது. ஆகவே 40 மி.மீ. நீளக் கீயில் அழுத்தம் தாங்கும் பரப்பு 95 சதுர மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 263 நியூட்டன் விழுகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 நியூட்டனிலேயே நிரந்தரமாக நெளியத் தொடங்கிவிடும். கீ நசுங்குவதில் வியப்பில்லை, மூன்று வாரம் தாங்குகிறதே என்பதில்தான் வியப்பு. அதே கீ 75 மி.மீ. நீளமாக இருந்தால் 140 நியூட்டனாகக் குறையும். அதனால்தான் முதல் கேள்விக்காரருக்கும் சொல்கிறேன், குடத்தின் நீளத்தை 75 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள், அச்சில் அத்தனை நீளத்துக்குக் கீவே இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

கடினமாக்கிய கீயைப் போட்டால் கீ நசுங்காது. அதற்குப் பதில் அச்சின் கீவேயும் குடத்தின் கீவேயும் நசுங்கி வாய் பிளந்துகொள்ளும். கீயை மாற்றுவது ஐந்து நிமிட வேலை, அச்சை மாற்றுவது கியர் பெட்டியைப் பிரிக்கும் வேலை. அச்சின் தரத்துக்கு நெருக்கமான நடுத்தரக் கரிம எஃகில், கீவேயில் தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும் கீ போதும்.

ஃபியூஸ் என்ற வாதம் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆபத்தானது. இந்த வண்டிகள் பலவற்றில் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டியில் இருக்கிறது. அதற்கும் சக்கரங்களுக்கும் நடுவே, இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. சரிவில் இறங்கும்போது ஒரு பக்கத்துக் கீ அறுந்தால், அந்தப் பக்கத்து அச்சு சக்கரத்தோடு தொடர்பற்றுச் சுதந்திரமாகச் சுழலும், அதன் வழியாக மறுபக்கச் சக்கரமும் தடையின்றி உருளும். பிரேக்கை மிதித்தாலும் வண்டி நிற்காது. வீட்டு மின்சார ஃபியூஸ் போனால் விளக்குதான் அணையும்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். அதே 239 நியூட்டன் மீட்டர், அச்சில் சதுர மில்லிமீட்டருக்கு 176 நியூட்டன் முறுக்குத் தகைவை உண்டாக்குகிறது. முக்கால் அங்குல அச்சுக்கு இது சிறிய சுமையன்று. பின்னால் மணல் மூட்டை கட்டிப் பாரம் ஏற்றுவதும், ஆழமான பட்டன்கள் கொண்ட டயர் போடுவதும் இந்த எண்ணை ஏற்றிவிடும். ஈரக் களிமண்ணில் கார் டயர் வழுக்குகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், அந்த வழுக்கல்தான் உங்கள் அச்சைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வண்டி வெள்ளத்தில் நின்றது. பின் சக்கரங்கள் அச்சோடு துருப்பிடித்து இறுகிவிட்டன, எப்படிக் கழற்றுவது? முன் சக்கரங்களில் புஷ் தேய்ந்து ஆடுகின்றன. அங்கே பேரிங் வைத்து ஹப் செய்யலாமா?
(வாசகர், முடிச்சூர்)

பதில்: பின் சக்கரத்துக்குப் பொறுமையைவிட நல்ல கருவி இல்லை. கிளிப்பையும் வாஷரையும் எடுத்துவிட்டு, வெளியே தெரியும் அச்சைக் கம்பி பிரஷாலும் எமரித் தாளாலும் பளபளவென்று ஆக்குங்கள். அதன் மேல்தான் சக்கரம் நகர்ந்து வர வேண்டும். துருத் தளர்த்தும் எண்ணெயைக் காலையும் மாலையுமாக நான்கைந்து நாள் விடுங்கள். பிறகு இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் போடுங்கள், ஆனால் அதன் நகங்கள் குடத்தைப் பிடிக்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் தகடு குடைபோல் விரியுமே தவிர குடம் அசையாது. அச்சின் நுனியில் சுத்தியலால் அடிக்கவே கூடாது, அந்த அடி கியர் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குக்கும் கிளிப்புக்கும் போய்ச் சேரும். சூடு கொடுக்க வேண்டி வந்தால் டயரைச் சக்கரத்திலிருந்து முழுவதும் கழற்றிய பிறகே கொடுங்கள். காற்றை மட்டும் இறக்கிவிட்டுச் சூடேற்றுவது போதாது. உள்ளே ரப்பர் கருகிச் சேரும் ஆவி தீப்பிடித்து டயர் வெடிக்கும். திரும்பப் பூட்டும்போது அச்சில் ஆன்டி சீஸ் பசையோ (இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) கிரீஸோ தடவுங்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றிப் பூசுங்கள்.

முன் சக்கரத்துக்குப் பேரிங் வைப்பது நல்ல யோசனை. ஆனால் முக்கால் அங்குலத் தண்டில் 6204 பேரிங் உட்காராது, அதன் உள்துளை 20 மி.மீ.; இடையில் அரை மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத புஷ் வைப்பது வேலைக்கு ஆகாது. தண்டை 17 மி.மீ. ஆகக் கடைந்து 6203 போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் தண்டு தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழந்துவிடும், மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிக்கு அது தகாது. தண்டையே 25 மி.மீ. ஆக மாற்றி, 25க்கு 52, கனம் 15 மி.மீ. கொண்ட 6205 பேரிங்குகளை, இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளவையாக, சக்கரத்துக்கு இரண்டு வீதம் வைப்பதே என் பரிந்துரை.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. மாட்டு வண்டிபோல் இங்கே குடம் சுழல்கிறது, தண்டு நிற்கிறது. ஆகவே பேரிங்கின் வெளி வளையம் குடத்தில் அழுத்தி ஏற்றும்படி இறுக்கமாகவும், உள் வளையம் தண்டில் கையால் நுழையும்படியும் இருக்க வேண்டும். மோட்டாரில் பார்த்துப் பழகியவர்கள் இதை மாற்றிச் செய்துவிடுவார்கள். வெளி வளையம் குடத்துக்குள் நழுவிச் சுழன்று, ஒரு பருவத்தில் துளையைத் தேய்த்துவிடும். ஏற்றும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் படும் குழாய்த் துண்டை வைத்து அழுத்துங்கள். இரண்டாவது, இரண்டு பேரிங்குகளின் உள் வளையங்களுக்கு நடுவே ஒரு ஸ்பேசர் குழாய் கட்டாயம் வேண்டும். மோட்டார் சைக்கிள் சக்கரத்தைப் பிரித்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள், அதன் அருமை தெரியாமல் தொலைத்தும் இருப்பார்கள். குடத்துக்குள் பேரிங்குகள் முட்டி நிற்கும் இரு படிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட ஸ்பேசர் 0.05 மி.மீ. நீளமாக இருந்தால் சரி. அது குட்டையாக இருந்தால், நட்டை இறுக்கும்போது உள் வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து குண்டுகளைப் பக்கவாட்டில் நெரிக்கும். சக்கரம் கையில் கனமாகச் சுழலும், பேரிங் சூடாகும். நட்டு கழலாமல் இருக்க அதற்குக் காட்டர் பின் போட மறவாதீர்கள்.

கேள்வி: அலுமினியத்தில் ஹப் செய்தால் எடை குறையுமே?
(வாசகர், அண்ணா நகர்)

பதில்: குறையும். 6061-டி6 என்ற தரச் சான்றுள்ள கட்டியிலிருந்து முழுவதையும் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்தால் வலிமையும் போதும். அதன் தாங்கும் திறன் மைல்டு ஸ்டீலுக்குக் குறைந்ததன்று. ஆனால் அதைப் பற்றவைத்தால் பற்றின் அருகே அந்தத் திறன் வெகுவாக இறங்கிவிடும், ஒரே துண்டாகக் கடைந்தால் கட்டியின் பெரும்பகுதி சீவலாகப் போகும். உப்புக் காற்றில் அலுமினியக் குடம் இரும்பு அச்சைத் தொடும் இடத்தில் அரிபட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு எட்டுப் பத்துக் கிலோமீட்டர் போகும் வண்டியில் ஒரு கிலோ எடை குறைந்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: எங்கள் நிலம் மணற்பாங்கானது, வண்டி சாய்ந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. ஹப்பை நீளமாகச் செய்து, பின் சக்கரங்களைப் பக்கத்துக்கு 100 மி.மீ. வெளியே தள்ளலாமா? முடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?
(வாசகர், நீலாங்கரை)

பதில்: தள்ள வேண்டாம். 120 கிலோ பாரம் 100 மி.மீ. வெளியே போனால், முக்கால் அங்குல அச்சில் சதுர மில்லிமீட்டருக்கு 174 நியூட்டன் வளைவுத் தகைவு புதிதாகச் சேரும். மேலே செங்குன்றம் வாசகருக்குச் சொன்ன முறுக்கோடு இது கூடினால், அச்சு கியர் பெட்டியின் வாயிலேயே முறியும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் அச்சின் ஒரே இடம் இழுபட்டும் அழுத்தப்பட்டும் மாறி மாறி வருவதால், முறிவு எச்சரிக்கை கொடுத்துவிட்டு வராது. உங்கள் வண்டியின் அச்சு ஒரு அங்குலமாக இருந்தால் கதை வேறு. விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது வளைவைத் தாங்கும் திறன் 2.37 மடங்காகிறது, அப்போதும் 40 அல்லது 50 மி.மீ.க்கு மேல் போக மாட்டேன். முக்கால் அங்குல அச்சென்றால், சக்கரத்தின் நடுக்கோடு கியர் பெட்டியின் பேரிங்கை எவ்வளவு நெருங்கி நிற்குமோ அவ்வளவு நல்லது. குடத்தில் தட்டைப் பற்றவைக்கும் இடத்தை அதற்கேற்ப உள்ளே தள்ளுங்கள். டயர் சட்டத்தில் உரசாமல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். சாய்வதைத் தடுக்க இருக்கையைத் தாழ்த்துங்கள், மணலில் திரும்பும்போது வேகத்தைக் குறையுங்கள்.

சாலையில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. பதிவு செய்யாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தடுக்கிறது. சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நிலத்தில் இறக்கியதும் சக்கர நட்டுகளை 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடியும் முறுக்குங்கள். புதிய தட்டின் பெயின்ட் நசுங்குவதால் முதல் ஓட்டத்தில் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும். சக்கரம் படியும் முகத்தில் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால் இன்னும் நல்லது, மெல்லிய கிரீஸ் பூச்சு போதும்.